அந்நியனுக்கு ஓர் அறை

2012இல் கிள்ளானில் சனிக்கிழமை காலைகளில் இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்கு நிரலாக்கம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு பேர் வருவார்கள். இருந்த பழைய கணினிகளில் உலாவி மட்டும்தான் ஒழுங்காக ஓடும். ஆகவே நானே ஒரு சின்ன இணையப் பக்கம் செய்தேன். மாணவர்கள் அதில் பைத்தான் நிரலை எழுதிப் பொத்தானை அழுத்துவார்கள். நிரல் என் சர்வரில் ஓடி விடையைத் திருப்பி அனுப்பும்.

அதே சர்வரில்தான் அவர்களின் மதிப்பெண்களும் அடுத்த வாரத் தேர்வுத் தாளும் இருந்தன. பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? ஆபத்தான கட்டளைகளை எல்லாம் பட்டியல் போட்டேன். கோப்பைத் திறக்கும் கட்டளை, வெளி நூலகங்களை இழுத்துவரும் கட்டளை, எழுத்தை நிரலாக மாற்றி ஓட்டும் கட்டளை. ஒவ்வொன்றாக மொழியிலிருந்து பிடுங்கிப்போட்டேன். மிச்சமிருந்தது கூட்டல் கழித்தல், பட்டியல், சுழற்சி. அதை வைத்து என்ன செய்துவிட முடியும் என்று நினைத்தேன்.

மூன்றாவது வாரம் நான்காம் படிவப் பையன் ஒருவன் கை தூக்கினான். “அண்ணே, அடுத்த வாரப் பேப்பர்ல நாலாவது கேள்வி தப்பா இருக்கு.”

வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. எல்லார் முன்னாலும் அவனைத் திருடன் என்கிற அளவுக்குப் பேசிவிட்டேன். அவன் பதில் பேசவில்லை. ஒரு தாளில் ஒரே ஒரு வரி நிரலை எழுதி என் மேசையில் வைத்துவிட்டுப் போனான். அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை.

அந்த ஒரு வரியைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு இரவுகள் ஆயின. அது இவ்வளவுதான். வெறும் அடைப்புக்குறி இரண்டு, உள்ளே ஒன்றுமில்லை. பைத்தானில் அது ஒரு காலித் தொகுப்பு. அதனிடம் ‘நீ எந்த வகுப்பைச் சேர்ந்தவன்?’ என்று கேட்கிறான். அது சொல்கிறது. ‘அந்த வகுப்பின் தாய் வகுப்பு எது?’ அதையும் சொல்கிறது. பைத்தானில் எல்லாவற்றுக்கும் மூலமான வகுப்பு அது. ‘அந்தத் தாய்க்கு எத்தனை பிள்ளைகள்?’ நீளமான பட்டியல் ஒன்று வந்து விழுகிறது. அதில் ஒரு பிள்ளைதான் கோப்பு. அன்றைய பைத்தான் 2இல் அந்த வகுப்பைக் கூப்பிட்டாலே போதும், கோப்பு திறந்துவிடும். நம் கல்யாண வீடுகளில் பெரியவர்கள் புது ஆளைப் பிடித்து “எந்தத் தோட்டம்? யார் புள்ள?” என்று கேட்டே இரண்டு நிமிடத்தில் மூன்று தலைமுறையைக் கண்டுபிடித்துவிடுவார்கள் அல்லவா, அதே வேலை. கோப்பைத் திறக்கும் வார்த்தையை நான் தடை செய்திருந்தேன். உறவு விசாரிப்பதைத் தடை செய்ய எனக்குத் தோன்றவில்லை.

நான் மட்டும் ஏமாந்த கதை இல்லை இது என்று பிறகுதான் தெரிந்தது. முன்பின் தெரியாத ஒருவர் எழுதிய நிரலை வாங்கி, நம் மொழிக்குள்ளேயே, நமக்குச் சேதமில்லாமல் ஓட்ட முடியுமா என்பது கணினித் துறையின் மிகப் பழைய கேள்விகளில் ஒன்று. அதற்கு வந்த பதில்களின் வரலாற்றைப் படிக்கப் படிக்க, நான் செய்த தவறு நிரலில் மட்டும் இல்லை என்று எனக்குப் புரிந்தது.

1973இல் பட்லர் லாம்ப்சன் சில பக்கங்களே கொண்ட ஒரு கட்டுரை எழுதினார். அடைத்துவைத்தல் பற்றியது. உதாரணமாக, என் வருமான வரியைக் கணக்கிட இன்னொருவரின் நிரலிடம் என் சம்பள விவரத்தைக் கொடுக்கிறேன். அது கணக்கைப் போட்டுத் தரட்டும்; ஆனால் என் சம்பளத்தை அதன் முதலாளியிடம் போய்ச் சொல்லக்கூடாது. கோப்பில் எழுதுவதைத் தடுக்கலாம், செய்தி அனுப்புவதைத் தடுக்கலாம். ஆனால் அந்த நிரல் வேண்டுமென்றே கணினியைக் கொஞ்சநேரம் திணறவைத்து, கொஞ்சநேரம் சும்மா விட்டால்? வெளியே இருந்து பார்ப்பவருக்கு அந்த ஏற்ற இறக்கமே ஒரு தந்திச் செய்தி. வாயைக் கட்டினாலும் இருமலால் பேசலாம் என்று சொன்னவர் அவர். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், நாற்பத்தைந்து வருடம் கழித்து இது திரும்பி வரும்.

இன்னொரு கதை நார்ம் ஹார்டி 1988இல் எழுதியது. டைம்ஷேர் நிறுவனத்தில் பலரும் பயன்படுத்திய ஒரு கம்பைலர் இருந்தது. தன் பயன்பாட்டுக் கணக்கை எழுதிவைப்பதற்காக, அமைப்புக்குரிய ஒரு கோப்புறையில் எழுதும் உரிமை அதற்குக் கொடுக்கப்பட்டிருந்தது. வாடிக்கையாளர்களின் கட்டண விவரக் கோப்பும் அதே கோப்புறையில்தான் இருந்தது. ஒரு பயனர், ‘பிழைத்திருத்த விவரங்களை இந்தக் கோப்பில் எழுது’ என்று சொல்லி அந்தக் கட்டணக் கோப்பின் பெயரைக் கொடுத்தார். கம்பைலர் எழுதப்போனது. இயங்குதளம் பார்த்தது: கம்பைலருக்கு அங்கே உரிமை உண்டு, எழுதட்டும். கட்டண விவரம் அழிந்தது. ஹார்டி இதைக் குழம்பிப்போன பிரதிநிதி என்றார். கம்பைலர் கெட்டதில்லை. இரண்டு எஜமானர்களுக்கு வேலை செய்தது; யாருடைய அதிகாரத்தில் எதைச் செய்கிறோம் என்பதைச் சொல்ல அதற்கு வழியில்லை.

பெயர் தெரிந்தால் போதும் என்ற ஏற்பாட்டில்தான் கோளாறு. இதற்கு மாற்று 1966லேயே வந்துவிட்டது. ஜாக் டென்னிஸ், ஏர்ல் வான் ஹோர்ன் இருவரும் ஒரு கட்டுரையில் சாவி போன்ற ஓர் ஏற்பாட்டை முன்வைத்தார்கள். ஒரு பொருளைத் தொட அதன் பெயர் தெரிந்தால் போதாது. அதற்குரிய சாவி உன் கையில் இருக்கவேண்டும். சாவியை யாராவது கொடுத்தால்தான் உண்டு. சாவி இல்லாதவனுக்குத் தடை போட வேண்டிய அவசியமே இல்லை. சொல்லும்போது எளிமையாக இருக்கிறது. உலகம் இதைக் காதில் வாங்கிக்கொள்ளப் பல பத்தாண்டுகள் பிடித்தன.

1990களின் தொடக்கத்தில் நத்தானியல் போரன்ஸ்டைனும் மார்ஷல் ரோஸும் சேஃப்-டிசிஎல் என்ற மொழியைச் செய்தார்கள். போரன்ஸ்டைன் யார் என்றால், மின்னஞ்சலில் படங்களை இணைத்து அனுப்பும் மைம் தரத்தை உருவாக்கியவர்களில் ஒருவர். படம் போகும் என்றால் நிரலும் போகலாமே என்பது அவர் ஆசை. கடிதம் வாசகரிடம் கேள்வி கேட்கும், பதிலைக் கொண்டுபோய்க் கொடுக்கும். ஆனால் யாரோ அனுப்பிய நிரலை எப்படி நம்பி ஓட்டுவது? அவர்கள் இரண்டு மொழிபெயர்ப்பிகளை வைத்தார்கள். வந்த நிரல் ஒன்றும் இல்லாத அறையில் ஓடும். ஏதாவது வேண்டும் என்றால் பக்கத்து அறையில் இருக்கும் நம்பகமான மொழிபெயர்ப்பியிடம் கேட்கவேண்டும். அது பார்த்துக் கொடுக்கும் அல்லது மறுக்கும். டிசிஎல் மொழியே பின்னர் இந்த ஏற்பாட்டைச் சேர்த்துக்கொண்டது.

கடிதத்தில் நிரல் வரும் காலம் வந்தது. ஆனால் இந்த வழியில் வரவில்லை. 2000ஆம் ஆண்டு மே 4ஆம் தேதி, நம் நேர மண்டலத்திலேயே இருக்கும் மணிலாவிலிருந்து ‘ஐ லவ் யூ’ என்ற தலைப்பில் ஒரு மின்னஞ்சல் கிளம்பியது. காதல் கடிதம் போலத் தெரிந்த இணைப்பு உண்மையில் விஷுவல் பேசிக் ஸ்கிரிப்ட். திறந்தவுடன் அது பயனருக்குரிய முழு அதிகாரத்தோடு ஓடியது. கோப்புகளை அழித்தது, முகவரிப் புத்தகத்தில் இருந்த எல்லாருக்கும் தன்னையே அனுப்பியது. விடிந்த திசையெல்லாம் பரவி அன்றே ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் எட்டிவிட்டது. பிலிப்பைன்ஸில் அப்போது இதற்குப் பொருத்தமான சட்டம்கூட இல்லை, வழக்கு நிற்கவில்லை. அங்கே அறையே இல்லை. வந்தவன் நேராக நம் படுக்கையறைக்குள் நுழைந்தான்.

அதற்கு ஐந்து வருடம் முன்பே, 1995 மே மாதம், சன் நிறுவனம் ஜாவாவை வெளியிட்டிருந்தது. இணையப் பக்கத்தோடு ஒரு சிறு நிரலும் இறங்கிவந்து உங்கள் கணினியில் ஓடும். அதற்கு ஆப்லெட் என்று பெயர். குழந்தைகள் விளையாடும் மணல்தொட்டி என்ற உருவகம் அப்போதுதான் பிரபலமானது. தொட்டிக்குள் என்ன வேண்டுமானாலும் கட்டு, இடி. மணல் வெளியே சிந்தாது. மூன்று காவல்கள் இருந்தன. வரும் நிரல் மொழியின் இலக்கணத்தை மீறவில்லையே என்று ஓடுவதற்கு முன்பே பரிசோதிக்கும் ஒன்று. எந்த வகுப்பு எங்கிருந்து வந்தது என்று பிரித்து வைக்கும் இன்னொன்று. கோப்பு, வலையமைப்பு என்று எதைத் தொட்டாலும் அனுமதி பார்க்கும் பாதுகாப்பு மேலாளர் மூன்றாவது.

இது சாதாரண யோசனை இல்லை. அதுவரை ஒரு நிரலிடமிருந்து இன்னொரு நிரலைப் பிரித்துவைப்பது பெரும்பாலும் வன்பொருளும் இயங்குதளமும் செய்த வேலை. ஜாவா அந்த வேலையை ஒரு மொழியின் இலக்கணத்திடம் ஒப்படைத்தது. ஓர் எண்ணை நினைவக முகவரியாகப் பாவிக்க இம்மொழியில் வழியே இல்லை என்றால், அடுத்தவரின் நினைவகத்தை எப்படித் தொடுவாய்? சொல்ல முடியாததைச் செய்யவும் முடியாது. மொழியோடு பழகும் நமக்கு இது கொஞ்சம் கிறக்கம் தரும் எண்ணம்தான்.

ஒரு வருடம்கூடத் தாங்கவில்லை. 1996இன் தொடக்க மாதங்களில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ட்ரூ டீன், எட்வர்ட் ஃபெல்டன், டான் வாலக் மூவரும் ஓட்டை மேல் ஓட்டையாகக் கண்டுபிடித்தார்கள். ஆப்லெட் தான் இறங்கிவந்த சர்வரோடு மட்டும் பேசலாம் என்பது விதி. ஒரே பெயருக்கு இரண்டு முகவரிகளைப் பதிலாகக் கொடுத்து, அந்த ஆப்லெட்டை ஒரு நிறுவனத்தின் உள் கணினியோடு பேசவைத்தார்கள். அடுத்து, வகுப்புகளைப் பிரித்துவைக்கும் காவலையே ஆப்லெட் தானாக உருவாக்கிக்கொள்ள ஒரு வழியைக் கண்டார்கள். அதன் வழியே எந்தக் கட்டளையையும் ஓட்ட முடிந்தது. 1997இல் விஜய் சரஸ்வத், ஜாவாவின் வகைப் பாதுகாப்பே முழுமையானதில்லை என்று காட்டி எழுதினார். ஒரே பெயரில் இரண்டு வகுப்புகளைக் கொண்டுவந்து ஒன்றை மற்றொன்றாக நம்பவைக்கலாம். மறுபடியும் பெயர்க் குழப்பம்.

சன் ஓட்டைகளை அடைத்தது. 1998 டிசம்பரில் வந்த பதிப்பில் நுணுக்கமான அனுமதிகள் வந்தன. ஆபத்தான ஒரு செயலைச் செய்யும்போது, அதை அழைத்தவர் யார், அவரை அழைத்தவர் யார் என்று சங்கிலி முழுக்கப் பார்க்கும் முறை. அறிவுபூர்வமான ஏற்பாடு. ஆனால் ஜாவாவின் நூலகம் வருடா வருடம் பெருத்துக்கொண்டே போனது. ஆயிரக்கணக்கான வகுப்புகளில் ஒவ்வொன்றும், அனுமதி கேட்கவேண்டிய இடத்தில் மறக்காமல் கேட்கவேண்டும். ஒன்று மறந்தாலும் போச்சு. 2012 ஏப்ரலில் ஃபிளாஷ்பேக் என்ற தீநிரல் ஜாவா ஓட்டை வழியாகச் சுமார் 600,000 மேக் கணினிகளுக்குள் நுழைந்தது. அதே ஆகஸ்டில் இன்னொன்று: நூலகத்துக்குள் மறைந்திருந்த ஓர் உள்வகுப்பைக் கொண்டு தனிப்பட்ட புலம் ஒன்றை மாற்றி, பாதுகாப்பு மேலாளரையே நீக்கிவிட்டது. காவல்காரருக்கே கட்டாய விடுமுறை. 2013 ஜனவரியில் அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை, உலாவியில் ஜாவாவை அணைத்துவையுங்கள் என்று மக்களுக்கு அறிவுரை சொன்னது.

பிறகு நடந்தது மெதுவான ஈமச்சடங்கு. 2018இல் வந்த ஜாவா 11இல் ஆப்லெட்டை ஓட்டும் உலாவிச் செருகி இல்லை. 2021இன் ஜாவா 17 பாதுகாப்பு மேலாளரை நீக்கப்போவதாக அறிவித்தது. 2025 மார்ச்சில் வந்த ஜாவா 24இல் அது நிரந்தரமாக முடக்கப்பட்டது. முப்பது வருட முயற்சி.

பைத்தானின் கதை இன்னும் எனக்கு நெருக்கமானது. 1990களின் நடுவில் பைத்தானிலேயே எழுதப்பட்ட கிரெயில் என்ற உலாவி இருந்தது. பைத்தான் ஆப்லெட்டுகளை ஓட்டும். அதற்கு உதவியது ரெக்செக் என்ற தொகுதி. நான் செய்தது போலவே ஆபத்தானவற்றை மறைத்துவைக்கும். 2001 டிசம்பரில் வந்த பைத்தான் 2.2 வகுப்புகளின் அமைப்பையே மாற்றியது. அதோடு ரெக்செக்கின் சுவர்கள் சரிந்தன. 2003இல் 2.3 பதிப்பில் அதை முடக்கினார்கள்; பைத்தான் 3இல் அது இல்லவே இல்லை. அதற்குப் பிறகும் ஆசை விடவில்லை. பைத்தான் மேம்பாட்டாளர் விக்டர் ஸ்டின்னர் பைசாண்ட்பாக்ஸ் என்ற ஒன்றை வருடக்கணக்கில் செதுக்கினார். 2013 நவம்பரில், அதன் வடிவமைப்பே தவறு என்று அவரே வெளிப்படையாக அறிவித்தார். பைத்தானுக்குள் மணல்தொட்டியை வைக்காதீர்கள், பைத்தானையே ஒரு தொட்டிக்குள் வையுங்கள் என்பது அவர் முடிவு. என் வகுப்பு முடிந்து ஒரு வருடத்துக்குப் பிறகு அதைப் படித்தேன். தோற்றுப்போனதை அவர் ஒப்புக்கொண்ட விதம் என்னைக் கூசவைத்தது. தன் சுவரை உடைத்துக் காட்டியவர்களை அவர் திருடர் என்று சொல்லவில்லை.

ஏன் இப்படித் தொடர்ந்து தோற்கிறது? எனக்குப் புரிந்தது இதுதான். வளமான மொழியில் ஒரு பொருளைச் சுட்ட ஒரு வழி மட்டும் இருப்பதில்லை. ஒரு சொல்லைத் தடை செய்தால் உறவு முறையால் சுட்டலாம். அதையும் தடுத்தால் பிழைச் செய்தி வழியாகச் சுற்றிவந்து பிடிக்கலாம். தணிக்கை இருந்த காலங்களில் எழுத்தாளர்கள் செய்ததும் இதுதானே. தடைப் பட்டியல் எவ்வளவு நீண்டாலும் மொழி அதைவிட நீளமானது.

ஆகவே திரும்பவும் அந்த 1966ஆம் வருடச் சாவி. மார்க் மில்லரும் நண்பர்களும் 1997இல் ஈ என்ற மொழியை இந்த அடிப்படையில் உருவாக்கினார்கள். அங்கே ஒரு நிரல் பிறக்கும்போது அதன் கை வெறுங்கை. உலகத்தைத் தொடுவதற்கான எதுவும் பொதுவில் கிடக்காது. ஒரு கோப்பைப் படிக்கவேண்டுமா, அந்தக் கோப்புப் பொருளையே கையில் கொடுப்பார்கள். கோப்பின் பெயரை இல்லை. டைம்ஷேர் கம்பைலரின் குழப்பம் இதில் வர வழியில்லை. பிறகு கூகுளில் மில்லரும் மற்றவர்களும் ஜாவாஸ்கிரிப்டையும் இப்படி அடக்க முடியுமா என்று காஹா என்ற திட்டத்தில் முயன்றார்கள். ஸ்பானிய மொழியில் பெட்டி என்று பொருள். பத்து நாளில் எழுதப்பட்ட மொழி என்று பெயர் வாங்கிய ஜாவாஸ்கிரிப்டைப் பின்னாலிருந்து அடக்குவது லேசான வேலையா? ஆனாலும் அந்த அனுபவம் மொழியின் தரத்தைத் திருத்த உதவியது.

2017இல் நான்கு பெரிய உலாவிகளிலும் வந்து சேர்ந்த வெப்அசெம்பிளி, இந்தப் பாடத்தைத் தொடக்கத்திலேயே படித்துவிட்டு வந்தது. அதில் ஓடும் நிரலுக்குத் தனியாக ஒரு துண்டு நினைவகம். அதைத் தாண்டி முகவரி சொல்லவே முடியாது. கோப்பும் இல்லை, வலையும் இல்லை, கடிகாரம்கூட இல்லை. வீட்டுக்காரர் எந்தச் செயல்பாடுகளைக் கையில் கொடுக்கிறாரோ அவை மட்டும்தான். தடைப் பட்டியல் அங்கே கிடையாது. இருப்பது கொடுத்த பொருட்களின் பட்டியல்.

முடிந்துவிட்டதா என்றால் இல்லை. 2018 ஜனவரியில் ஸ்பெக்டர் வெளியானது. இன்றைய செயலிகள் வேகத்துக்காக, அடுத்து என்ன வரும் என்று ஊகித்து முன்கூட்டியே வேலை செய்கின்றன. ஊகம் தப்பானால் செய்ததை அழித்துவிடுகின்றன. ஆனால் தற்காலிக நினைவகத்தில் சூடு மிச்சமிருக்கும். எது சீக்கிரம் வருகிறது, எது தாமதமாக வருகிறது என்று நேரத்தை அளந்தே, தொடக்கூடாத நினைவகத்தைப் படிக்கலாம். மொழியின் இலக்கணத்தில் ஒரு பிழையும் இல்லை. இருந்தும் ரகசியம் கசிந்தது. லாம்ப்சனின் இருமல்தான். உலாவிகள் அவசர அவசரமாகத் தங்கள் கடிகாரங்களின் துல்லியத்தைக் குறைத்தன. குரோம் ஒவ்வொரு தளத்தையும் தனித்தனிச் செயல்முறையில் வைக்கத் தொடங்கியது. சுவரை மொழி மட்டும் கட்டினால் போதாது, இயங்குதளமும் ஒரு சுவர் கட்டவேண்டும் என்ற பாடத்தோடு வட்டம் திரும்பியது.

இந்தத் துறையில் ‘நம்பத்தகாத நிரல்’ என்று ஒரு சொல் உண்டு. முதலில் கேட்டபோது அது ஒரு வசவு போலப் பட்டது. பல வருடம் கழித்துத்தான் அதன் பொருள் பிடிபட்டது. எழுதியவன் கெட்டவன் என்று அது சொல்லவில்லை. எழுதியவன் யார் என்று நான் தீர்ப்பு சொல்ல வேண்டியதில்லை என்று சொல்கிறது. சுவர் சரியாக இருந்தால் யாரையும் உள்ளே விடலாம். முகம் பார்த்து, ஊர் கேட்டு, சந்தேகப்பட்டு வடிகட்ட வேண்டாம். நாம் தினமும் உலாவியில் ஊர் பேர் தெரியாத எத்தனையோ பேரின் நிரல்களை ஓட்டுகிறோம். இன்று செயற்கை நுண்ணறிவு எழுதித் தரும் நிரலைப் படித்தும் பார்க்காமல் ஓட்டுகிறோம். இந்த ஐம்பது வருடத் தோல்விகள் இல்லாமல் இந்தத் துணிச்சல் நமக்கு வந்திருக்காது. எனக்கு இது பாதுகாப்பின் வரலாறாகத் தெரியவில்லை, விருந்தோம்பலின் வரலாறாகத் தெரிகிறது.

நான் சுவரைச் சரியாகக் கட்டாமல், பையனைக் குற்றம் சொன்னேன். அவன் செய்தது பிரின்ஸ்டனில் அந்த மூவர் செய்ததுதான்: ஓட்டையைக் கண்டான், வந்து சொன்னான். அதுவும் கேள்வி தப்பாக இருக்கிறது என்ற உபகாரத்தோடு. நாலாவது கேள்வி நிஜமாகவே தப்பாகத்தான் இருந்தது. பிறகு ஒருமுறை பேருந்து நிலையத்தில் அவனைப் பார்த்தேன். “நல்லா இருக்கீங்களாண்ணே” என்றான். மன்னிப்பு கேட்க வாயைத் திறப்பதற்குள் அவன் பேருந்து வந்துவிட்டது. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

போன வருடம் மறுபடியும் வகுப்பு தொடங்கினேன். இப்போது வெப்அசெம்பிளிக்காகத் தொகுக்கப்பட்ட பைத்தான் இருக்கிறது. பையோடைட் என்று பெயர். மாணவர்களின் நிரல் என் சர்வருக்கு வருவதே இல்லை, அவரவர் உலாவிக்குள்ளேயே ஓடுகிறது. தேர்வுத் தாள் அங்கே இல்லை. பூட்டிவைக்கவில்லை, இல்லவே இல்லை.

முதல் நாள் வகுப்பில் அந்த ஒரு வரியைப் பலகையில் எழுதினேன். எழுதியவன் இந்த வகுப்பில் படித்த பையன் என்று சொன்னேன். “முடிஞ்சா நீங்களும் உடைச்சுப் பாருங்க. உடைஞ்சா எங்கிட்ட வந்து சொல்லுங்க. கோவிச்சுக்க மாட்டேன்.”

பின் வரிசையில் ஒரு பெண் உடனே தட்டச்சு செய்ய ஆரம்பித்துவிட்டாள்.